வைப்பாறு போய்ச் சேரும் இடம்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். பவளப்பாறைக்கும் எங்களுக்கும் என்ன உறவு?
– வாசகி, இருக்கன்குடி

பதில்: தண்ணீர் உறவு! உங்கள் ஊர் மாரியம்மன் கோயிலருகே அர்ஜுனா நதியோடு கூடும் வைப்பாறு, விளாத்திகுளத்தைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. ஆற்றுவாய்க்கு வடகிழக்கே வேம்பார்த் தீவுகள், தெற்கே தூத்துக்குடித் தீவுகள். பாம்பன் பக்கம் தொடங்கி வரிசையாக நின்ற 21 தீவுகளும் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர் அணை நிரம்பித் திறந்தால், வயலில் மிஞ்சிய உரமும் ஆடி வெள்ளிக் கூட்டம் விட்டுப்போன பிளாஸ்டிக் பையும் அந்த வழியாகத்தான் கிளம்புகின்றன. அவற்றுக்கு வேறு பஸ் கிடையாது.

கேள்வி: பவளம் கல்லா, செடியா, பிராணியா?
– மாணவர், சாத்தூர்

பதில்: பிராணி. செடியைக் குடிவைத்துக்கொண்டு கல்வீடு கட்டுகிற பிராணி. அதன் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. வெயிலில் அவை சமைக்கும் சாப்பாட்டில் பெரும்பங்கு பவளத்துக்கு. கலங்கல் நீர் வெளிச்சத்தை மறைத்தால் சமையல் நின்றுபோகும். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசிகளையே வெளியேற்றிவிட்டு வெளுத்து நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கொடுமையைப் பெரிய அளவில் பார்த்தது.

கேள்வி: அங்கே பவளம் எடுத்து மாலை கோக்கலாமா?
– இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: கோத்தால் வழக்கு வரும். 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குரிய முதல் அட்டவணையில் இருக்கின்றன. தவிர, நகைக்கடைச் சிவப்புப் பவளம் வேறு இனம். அதற்குப் பேர்போனது மத்தியதரைக் கடல்.

கேள்வி: பட்டாசுக்கும் பவளத்துக்கும் முடிச்சுப் போட முடியுமா?
– பட்டாசுத் தொழிலாளி, சிவகாசி

பதில்: ஆசையாகப் போடுகிறேன். உங்கள் மத்தாப்பில் சிவப்புக் கொடுப்பது ஸ்ட்ரான்சியம் உப்பு. கடல்நீரிலும் கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் உண்டு. பவளம் கால்சியத்தைக் கொண்டு வீடு கட்டும்போது, குணத்தில் கால்சியத்துக்கு நெருங்கிய இதுவும் சுவருக்குள் சேர்ந்துவிடும். நீர் குளிர்ந்திருந்தால் சற்று அதிகம், சூடேறினால் சற்றுக் குறைவு. உருண்டைப் பவளங்கள் சில ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மரத்தைப் போலவே வருடாவருடம் வரி விழும். ஒரு மீட்டர் துளையிட்டு எடுத்தால் ஏறத்தாழ நூறு வருடக் கடல் வெப்பத்தை வரிவரியாகக் கணக்கிடலாம். தெர்மாமீட்டர் எட்டாத காலத்துக்கும் கணக்கு எழுதிவைத்த ஜீவன் அது. நீங்கள் கையாளும் பொருளில்தான் எழுதியிருக்கிறது!

கேள்வி: தீவு ஒன்று கடலுக்குள் போய்விட்டதாமே?
– வாசகர், விளாத்திகுளம்

பதில்: ஒன்றல்ல, இரண்டு: கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்குமாகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் ஏற்றினார்கள். அலையின் வேகத்தைத் தடுக்கும் மதில் அதுதான். மதில் போனால் மணல் தீவு எத்தனை நாள் தாங்கும்? மேலேறும் கடல்மட்டமும் சேர்ந்துகொண்டது. அதே தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவும் இரண்டாகப் பிளக்கிற நிலைக்கு வந்தது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அவற்றில் மீன் அடைகிறது, பவளமும் ஒட்டி வளர்கிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வருடக்கணக்காக நீருக்குள் மூழ்கி, பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்து வருகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் வெட்டியது எங்கும் சீக்கிரம் திரும்பாது. சென்டிமீட்டர் கணக்கை மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்ட வேண்டும். தீவுக்குப் போகலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், இருக்கன்குடி

பதில்: அனுமதியில்லாமல் தீவில் இறங்கக் கூடாது, ஐயா. ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன் வலசையில், வனத்துறை ஏற்பாட்டில் அடியில் கண்ணாடி பதித்த படகு ஓடுகிறது. காற்று அடங்கிய, நீர் தெளிந்த நாளாக விசாரித்துப் போங்கள். கிளிமீன் பாறையைக் கொறிப்பது கண்ணில் பட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அது தின்ற கல் மணலாகத்தான் வெளியே வரும். பெரிய கிளிமீன் ஒன்றே வருடத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் மணல் போடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்கவே மாட்டார்கள்.