ஆண்டுக்கு ஆறு கூட்டம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலத்துக்குத் திரும்பும் கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டு டீக்கடையில் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டுங்கள். கிராமசபைச் செய்திக்கு ஒரே அச்சுதான்: யார் தலைமை, யார் முன்னிலை, யார் வரவேற்றார், யார் நன்றி சொன்னார். நடுவில் ‘பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன’ என்று ஒரு வரி. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் அந்தப் ‘பல்வேறு’க்குள் அடக்கம். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டத்தை 2022-இல் அறிவித்து ஆறாக்கினார்கள்; தண்ணீர் தினமான மார்ச் 22-உம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-உம் புதுவரவு. ஆக, நன்றியுரையும் ஆறு.

ஜனங்களே வராதபோது பத்திரிகை என்ன செய்யும் என்பார்கள். நியாயம்தான், மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேராவது வந்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது, வரவு செலவும் அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஆனால் வந்து கணக்குக் கேட்டவர் பெயர் அச்சேறுவதில்லை. சால்வை போர்த்தியவர் பெயர் இனிஷியலோடு வருகிறது. பிறகு எவர் வருவார்? போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி போட்டுப் பார்க்கட்டும், ஆள் திரட்ட மைக் கட்டிய ஆட்டோ தேவைப்படாது. இடமில்லை என்பார் நிருபர். நன்றியுரையை எடுத்தால் மூன்று வரி மிஞ்சும்.