பரம ஏழைக்குச் சிம்மாசனம்

கேள்வி: பொங்கலுக்குத் திண்டிவனத்திலிருந்து வந்த என் மச்சான், இரும்பையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூணு சீட்டைத் தலைகீழாக ஆடக் கற்றுக்கொடுத்தார். மட்டமான சீட்டு வைத்திருப்பவருக்கே ஜெயமாம். இதுவும் ஓர் ஆட்டமா?

பதில்: ஆட்டமேதான், முப்லிஸ் என்று பெயர். அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த அந்தச் சொல்லுக்குத் திவாலானவன் என்று அர்த்தம். 52 சீட்டுகளிலிருந்து மூன்றை எடுக்கத்தக்க 22,100 விதங்களில் ஒரே எண் மூன்றும் சேர்வது 52 விதமே; வழக்கமான ஆட்டத்தில் அதற்குத்தான் சிம்மாசனம் கொடுத்தார்கள். முப்லிஸில் அதன்மேல் ஏறுவது ஐந்து, மூன்று, இரண்டு என்ற பரம ஏழை. நாலு, மூன்று, இரண்டும், ஆஸ், இரண்டு, மூன்றும் வரிசையாகி உயர்ந்துவிடுவதால் இதைவிடத் தாழ்ந்த கை கிடையாது. மூன்றும் ஒரே இஸ்பேடாகவோ ஆட்டினாகவோ அமையாமல் இந்தக் கை வரக்கூடிய விதங்கள் 60. மகாராஜாவும் பரம ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு அபூர்வமானவர்கள் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டபோது எனக்குண்டான ஆனந்தம் கொஞ்சமல்ல.

கேள்வி: எந்தக் கையோடு நிற்பது, எதைக் கவிழ்ப்பது?

பதில்: கையிலுள்ள பெரிய சீட்டைப் பாருங்கள், போதும். ஜோடியோ வரிசையோ ஒரே கலரோ இல்லாத வெறுங்கை நூற்றுக்கு 74 தடவை வரும். முப்லிஸில் அத்தனை பேருக்கும் ஆசை பிறந்துவிடுவதால் ஒருவரும் எளிதில் விலகமாட்டார்கள், நடுவிலுள்ள குவியலும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் பெரிய சீட்டு பத்தைத் தாண்டாத வெறுங்கை ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் வரும். ஆகவே ஐவர் அமர்ந்த வட்டத்தில் சராசரியாக ஒருவரிடம் அது இருக்கும். அந்த ஒருவர் நீங்கள் அல்லவென்றால், ராஜாவோ ஆஸோ கையில் எட்டிப்பார்த்த மாத்திரத்தில் கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் குடிகொண்ட ஊரில் சூதா என்று பாட்டி சீறுகிறார்.

பதில்: பாட்டி சொல்வது முற்றும் நியாயம். வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தை முழுக்கச் சூதுக்கே ஒதுக்கினார். சுப்ரீம் கோர்ட்டும் 1967இல், ரம்மிக்குப் பெரும்பாலும் திறமை வேண்டுமென்றும், மூணு சீட்டு வெறும் அதிருஷ்டமென்றும் பிரித்துச் சொன்னது. நான் மேலே போட்ட கணக்கும் எப்போது விலகுவது என்று சொல்லுமே ஒழிய, அடுத்து என்ன சீட்டு வரும் என்று சொல்லாது. ஆகையால் ஒரு காசும் வட்டத்துக்குள் வரலாகாது. காசுக்குப் பதிலாக வைக்க உங்கள் பக்கத்துச் செம்மண் தோப்புகளில் முந்திரிக்கொட்டை கிடைக்குமே என்பீர்கள். ஓடு விண்டால் கசியும் எண்ணெய் விரலைப் புண்ணாக்கும், பிள்ளைகள் நடமாடும் திண்ணையில் அது வேண்டாம். புளியங்கொட்டையே உத்தமம்: கைக்கு வழவழப்பு, அள்ளிப் போடும்போது சலசலவென்று ஓர் இனிய ஓசை. ஆளுக்கு ஐம்பது எண்ணிக் கொடுங்கள்.

கேள்வி: காசில்லை என்றதும் பாட்டியும் ஆட வருகிறார். நேர் ஆட்டத்தை முதலில் சொல்லிக்கொடுக்கவா?

பதில்: வேண்டாம். நேர் ஆட்டத்தில் பழகிய உங்கள் கண் ராஜாவைக் கண்டதும் முதலில் மலர்ந்து, பிறகே சுருங்கும். அந்தக் கணநேர மலர்ச்சியை எதிரே இருப்பவர் பார்த்துவிடுவார். பாட்டிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. முப்லிஸையே சொல்லிக்கொடுங்கள், உங்கள் பங்குக்கு மட்டும் இன்னும் ஐம்பது கொட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.