சீட் பெல்ட் போடாத பிள்ளை

2023 ஜனவரியில் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நாய் ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றுவிட்டது. கிண்டல் இல்லை, சம்னர் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் சொன்ன செய்தி. பிக்கப் டிரக்கின் பின்பக்கம் நாயும் ரைஃபிளும் வேட்டைச் சாமான்களும் ஒன்றாகக் கிடந்தன. நாய் ரைஃபிளை மிதித்தது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரின் முதுகில் குண்டு பாய்ந்தது. வேட்டை தொடர்பான விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

துப்பாக்கி யாரையும் கொல்வதில்லை, மனிதன்தான் மனிதனைக் கொல்கிறான் என்று பல தலைமுறையாக ஓதிவரும் கூட்டத்துக்கு இது தர்மசங்கடம்தான். நாயை எந்தக் கணக்கில் எழுதுவது? மனநலம் சரியில்லை என்று சொல்லலாம். வீடியோ கேம் பார்த்துக் கெட்டுப்போனது என்று சொல்லலாம். ஓடுகிற வண்டியோ நிற்கிற வண்டியோ, அதற்குள் தோட்டா ஏற்றிய ரைஃபிள் எதற்கு என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. அது அநாகரிகம். அரசியல் சாசனத்துக்கே அவமரியாதை.

அமெரிக்க கிராமப்புறங்களில் ஒரு காலத்தில் பிக்கப்பின் பின்கண்ணாடியில் துப்பாக்கித் தாங்கி இல்லாவிட்டால் வண்டியே அம்மணமாகத் தெரியும். இரண்டு பட்டைகள், அவற்றில் ரப்பர் போர்த்திய வளைந்த கொக்கிகள். மேல் கொக்கியில் ரைஃபிள், கீழ்க் கொக்கியில் கயிறோ குடையோ. பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில்கூட மான் வேட்டைக் காலத்தில் அப்படித்தான் வண்டிகள் நிற்கும். பையன்கள் விடிகாலையில் காட்டுக்குப் போய்விட்டு முதல் மணிக்கு வகுப்புக்கு வருவார்கள். இதை இன்றைக்கும் கண் கலங்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. 1994-ல் கூட்டாட்சிச் சட்டம் வந்து, பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டு வெளியேற்ற வேண்டும் என்றானதும் அந்தக் காட்சி மறைந்தது. மாணவனுக்கு மட்டும்தான் அந்தக் கண்டிப்பு. அவன் அப்பாவை எந்த ஊரிலிருந்தும் ஓராண்டு வெளியேற்றவில்லை.

தாங்கியும் இப்போது அரிதாகிவிட்டது. கண்ணாடியில் மாட்டினால் திருடன் பார்த்துவிடுவானாம். அதனால் ரைஃபிளைப் பின் இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு, அதே கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனியின் ஸ்டிக்கரைப் பளபளவென்று ஒட்டிவைக்கிறார்கள். மான் தலை வரைந்த பிரவுனிங் ஸ்டிக்கர் இல்லாத வாகன நிறுத்தத்தை டெக்சஸில் தேடித்தான் பார்க்க வேண்டும். உள்ளே சரக்கு இருக்கிறது என்று திருடனுக்கு இலவசமாக விளம்பரம் கொடுக்காதீர்கள் என்று போலீஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஒட்டியவர் காதில் விழவில்லை. கொள்கையை ஒளித்துவைக்க முடியுமா?

வேட்டைக்குத்தானே வைத்திருக்கிறோம் என்பார்கள். டெக்சஸில் மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஜனவரித் தொடக்கத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். மீதிப் பத்து மாதமும் வால்மார்ட் வாசலில் எந்த மான் வந்து நிற்கிறது? உண்மையான வேட்டைக்காரனைக் கேட்டுப் பாருங்கள். நல்ல ரைஃபிளை டிரக்கில் போட்டுவைக்கவே மாட்டான். வெயிலில் வண்டி அடுப்பாகும், இரவில் ஈரம் கோக்கும், குண்டுகுழியில் ஏறி இறங்கி ஸ்கோப்பின் குறி விலகிவிடும். டிரக்கில் கிடப்பது பெரும்பாலும் ஓரம் துருப்பிடித்த பழையது. அடிபட்டாலும் மனசு பதறாதது. அதற்கு ‘டிரக் கன்’ என்றே பெயர். தாத்தா விட்டுப்போன வின்செஸ்டர் 94 அதற்குப் பேர்போனது. வேட்டை என்பது அதற்குப் போட்ட போர்வை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐந்நூறு ஏக்கர் பண்ணையில் கன்றுக்குட்டியைக் கயோட்டி இழுத்துப்போகிறது என்றால், காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் சோளக்கொல்லையை உழுதுபோடுகிறது என்றால், அந்தப் பண்ணைக்காரன் டிரக்கில் ரைஃபிள் வைத்திருப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவருவதற்குள் பன்றி பக்கத்துக் கவுண்டிக்குப் போயிருக்கும். என் கோபமெல்லாம் அந்தப் பண்ணைக்காரனின் தொப்பியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் தட்டப் போகிறவர்கள்மேல்தான். அவர்கள் பார்த்த ஒரே பன்றி காலைச் சிற்றுண்டித் தட்டில் பேக்கனாக வந்ததுதான்.

அந்தத் தொப்பிக்காரர்களுக்காகவே சட்டங்கள் பிறந்தன. 2002 அக்டோபரில் ஓக்லஹோமாவின் வேலியன்ட் என்ற சிற்றூரில் வேயர்ஹாய்சர் காகித ஆலை போதைப்பொருள் தேட மோப்பநாய்களை வாகன நிறுத்தத்தில் விட்டது. (நாய்களுக்கும் இந்த விவகாரத்துக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.) நாய்கள் டிரக்குகளில் துப்பாக்கிகளைக் கண்டுபிடித்தன. ஆலை வளாகத்தில் துப்பாக்கி கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று. சீசன் நேரத்தில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த உழைப்பாளிகள். அவர்களுக்காகப் பரிதாபப்பட எனக்கும் மனம் உண்டு. அவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கப் போராடியிருக்கலாம், விதியை முன்கூட்டியே ஊரறியச் சொல் என்று கேட்டிருக்கலாம். சட்டமன்றம் செய்தது வேறு. பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி வைப்பதை எந்த முதலாளியும் தடுக்கக் கூடாது என்று 2004-ல் சட்டம் போட்டது. கோனோகோஃபிலிப்ஸ் என்ற எண்ணெய்க் கம்பெனி நீதிமன்றம் போனதும், அந்தக் கம்பெனியைப் புறக்கணியுங்கள் என்று தேசிய ரைஃபிள் சங்கம் 2005-ல் அறைகூவல் விட்டது. 2007-ல் கீழ் நீதிமன்றம் சட்டத்தைத் தடுத்தது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதே மாதிரிச் சட்டம் இருக்கிறது.

என் நிலம், என் வேலி, உள்ளே வராதே என்று பலகை வைக்கும் தேசம் அது. முதலாளி தன் இடத்தில் உன்னைத் தாடி மழிக்கச் சொல்லலாம், சிறுநீரைக் குப்பியில் பிடித்துக் கொடுக்கச் சொல்லலாம், எந்த நிமிடமும் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். தொழிலாளிக்காக அங்கே ஒரு சட்டமன்றமும் மூச்சு விடாது. ஆனால் அவன் டிரக்கில் கிடக்கும் இரும்புக்கு வேலைப் பாதுகாப்பு உண்டு! உழைக்கிறவன் வாங்க முடியாத உரிமையை அவன் ரைஃபிள் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

டெக்சஸில் திறந்த பீர் டப்பா வண்டிக்குள் இருந்தால் 2001-லிருந்து குற்றம், அபராதம் 500 டாலர் வரை. தோட்டா ஏற்றிய ரைஃபிள் பக்கத்தில் சாய்ந்திருந்தால் தாராளமாகப் போகலாம். பீரில் நுரை வருமே, ஆபத்து.

டென்னசியின் கதை இன்னும் ருசியானது. காரில் போகும் குழந்தையைத் தனி இருக்கையில் வைத்துக் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் அது. 1978 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அருமையான சட்டம், எத்தனையோ பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள். அதே மாநிலம் 2013-ல், உரிமம் உள்ளவர்கள் வாகன நிறுத்தங்களில் வண்டிக்குள் துப்பாக்கி வைக்கலாம் என்றது. மறு வருஷமே, வண்டியில் துப்பாக்கி வைக்க உரிமமும் வேண்டாம் என்றது. பூட்டிய பெட்டிக்குள் வையுங்களேன் என்று கெஞ்சும் மசோதாக்கள் சட்டமன்றத்தின் படியேறி வருவதும், வந்த வழியே இறங்கிப் போவதும் அங்கே வாடிக்கை.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். ரைஃபிளைப் பிள்ளையாகப் பதிவுசெய்துவிடுங்கள். எடை ஏழு பவுண்டு, உயரம் மூன்றேகால் அடி. இருபது பவுண்டுக்குக் குறைந்த பிள்ளையை டென்னசியில் பின்பக்கம் பார்த்த இருக்கையில் வைத்து வார்போட்டு இறுக்க வேண்டும். குழல் தானாகவே பின்பக்கம் திரும்பிவிடும். நாய் மிதித்தாலும் முன்னால் இருப்பவர் பிழைப்பார். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டு ஷாப்பிங் போனால் பக்கத்து வண்டிக்காரம்மா கண்ணாடியை உடைத்துப் போலீசைக் கூப்பிடுவார். காணாமல் போனால் அன்றே புகார் கொடுக்காத தகப்பனை ஊரே காறித் துப்பும். இப்போதோ டென்னசியிலும் டெக்சஸிலும் துப்பாக்கி காணாமல் போனதைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட உடைமையாளருக்கு இல்லை. குடை தொலைந்தால் தேடுகிறவர்கள்தான்!

சிரித்தது போதும். 2023 மார்ச் 27-ல் அதே டென்னசியின் நாஷ்வில் நகரில், கவனன்ட் பள்ளியில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மூன்று பேர் குழந்தைகள். மூன்று பேருக்கும் ஒன்பது வயது. காரில் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கையைச் சட்டம் எட்டு வயதுவரைதான் கேட்கிறது. இனி பத்திரம் என்று சட்டம் கைவிட்ட வயதில் அவர்களுக்குக் குண்டு காத்திருந்தது. அந்தத் துப்பாக்கிகள் யார் டிரக்கிலிருந்தும் திருடியவை அல்ல, கடையில் சட்டப்படி வாங்கியவை; அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆகஸ்டில் சிறப்புக் கூட்டம் கூட்டிய சட்டமன்றம் துப்பாக்கிப் பெட்டகத்துக்கு விற்பனை வரியைத் தள்ளுபடி செய்தது. பூட்டு இலவசம் என்றது. பூட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. பிள்ளையைக் கட்டாவிட்டால் அபராதம். துப்பாக்கியைப் பூட்டினால் சன்மானம்.

எவ்ரிடவுன் என்ற அமைப்பு எஃப்பிஐ தரவுகளை எடுத்து 337 நகரங்களின் கணக்கைப் பார்த்தது. 2022-ல் அங்கெல்லாம் திருட்டுப்போன துப்பாக்கிகள் ஏறக்குறைய 1,12,000. ரைஃபிளும் கைத்துப்பாக்கியும் சேர்ந்த கணக்கு இது. பாதிக்கு மேல் வண்டிகளிலிருந்து போனவை. ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று. புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும்தான் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் பையன்கள் தெருவில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் கைப்பிடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். திறந்தால் எடுக்கிறார்கள், திறக்காவிட்டால் கண்ணாடியை உடைக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவனுக்குக் கடைக்காரன் துப்பாக்கி விற்கக் கூடாது. டிரக்குக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. நாஷ்வில் போலீஸ் வண்டிகளிலிருந்து திருடுபோன துப்பாக்கிகளின் எண்ணிக்கையை வாரம் தவறாமல் வெளியிடுகிறது. கதவைப் பூட்டுங்கள், சாவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வளர்ந்த ஆண்களிடம், தேசத்தைக் கொடுங்கோலர்களிடமிருந்து காப்பாற்றப் போவதாகச் சொல்லும் ஆண்களிடம், மன்றாடுகிறது.

2015-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது நினைவிருக்கலாம். அரசு ரேஞ்சர் ஒருவரின் காரை உடைத்துக் கைத்துப்பாக்கியைத் திருடினார்கள். நான்கே நாளில், கடற்கரைத் துறையில் தந்தையோடு நடந்துபோன இளம்பெண் அதன் குண்டுக்குப் பலியானார். துப்பாக்கி கையிலிருந்தவர் ஆவணமில்லாமல் குடியேறியவர். அவ்வளவுதான், நாடே கொதித்தது. எல்லைச் சுவர் பேச்சு, மேடை மேடையாகக் கண்ணீர், அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஒரு மசோதா. தோட்டா ஏற்றிய துப்பாக்கி காருக்குள் எப்படிக் கிடந்தது என்று எந்த மேடையும் கேட்கவில்லை. கலிபோர்னியா மட்டும் 2016-ல், போலீஸ்காரர் உட்பட யாரானாலும் வண்டியில் கைத்துப்பாக்கியைப் பூட்டிவை என்று சட்டம் போட்டது. கொலராடோ 2025 ஜனவரியிலிருந்து ரைஃபிளுக்கும் சேர்த்துப் பூட்டு கேட்கிறது; பண்ணைக்காரர்களுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது. பூட்டு வந்ததால் அங்கே எந்தக் கொடுங்கோலனும் ஆட்சிக்கு வந்துவிடவில்லை.

மற்ற இடங்களில் நடப்பது இதுதான். வண்டி உடைபடும். திருடன் பிடிபட்டால் குற்றவாளி. சுட்டவன் பிடிபட்டால் குற்றவாளி. சுடப்பட்டவர் கல்லறைக்குப் போவார், அல்லது சக்கர நாற்காலிக்கு. டிரக்குக்காரர்? அவர் பாதிக்கப்பட்டவர்! போலீஸ் அறிக்கையில் அந்தக் கட்டத்தில்தான் அவர் பெயர் ஏறும். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் திருடுபோன துப்பாக்கிகளுக்கு 2,500 டாலர் வரை கிடைக்கும். குண்டு வாங்கியவரின் ஆஸ்பத்திரி பில்லில் அவர் பங்கு ஒரு சென்ட்டும் இல்லை. காசோலை வந்த சனிக்கிழமை கடைக்குப் போவார், புதிய ரைஃபிள் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்ப்பார். கடைக்காரர் ஒரு ஸ்டிக்கரும் தருவார், இலவசமாக.