சாக்கு உடுத்திய ஸ்கூட்டர்: ஒரு திணை ஆராய்ச்சி

வீடு மாற்றுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஸ்கூட்டர் வாகனமா, சாமானா? வாகனம் என்றால் அது நம்மைச் சுமக்க வேண்டும்; சாமான் என்றால் நாம் அதைச் சுமக்க வேண்டும். பீரோ, கட்டில், கிரைண்டர் எதற்கும் இந்தச் சங்கடம் கிடையாது. கிரைண்டர் ஒருநாளும் தானாக எங்கும் போனதில்லை. வீட்டில் ஓடத் தெரிந்த ஒரே பொருள் ஸ்கூட்டர்தான். வீடு மாற்றும் நாளில் அசையாமல் நின்று எல்லாரையும் ஓட வைப்பதும் அதுவே. சென்னையிலிருந்து டெல்லிக்கு, ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், என் ஸ்கூட்டரை ரயிலேற்றிய அனுபவமே இவ்வாய்வின் தரவு. மாதிரிகளின் எண்ணிக்கை: 1. நிறம்: சாம்பல்.

முதற்கண் திணை. பிரிவும் பிரிவின் நிமித்தமும் பாலை; அதன் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல் என்பது பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம். டிரான்ஸ்பர் ஆர்டர் வருவதும் பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் வேனிலில்தான். எவ்வளவு விடியலில் கிளம்பினாலும் பார்சல் ஆபீஸை அடைவது நண்பகலில்தான். எனவே ஸ்கூட்டர் அனுப்புதல் பாலைத் திணையின்பாற்படும். பின்பனியும் பாலைக்கு உரியதாயிற்றே என்று மடக்குவார் உளர். மாசி, பங்குனியில் வீடு மாற்றுகிறவர் ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் போகும் விவேகி. அவர் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

ரயில்வேயும் நம் இலக்கணத்தை ஒட்டியே பகுத்திருக்கிறது. டிக்கெட்டைக் காட்டி, நாம் போகும் ரயிலிலேயே வண்டியையும் பதிந்தால் அது லக்கேஜ். வண்டியை மட்டும் தனியே அனுப்பினால் பார்சல். எந்த ரயிலில் இடமிருக்கிறதோ அதில் போகும். முன்னதை உடன்போக்கு என்றும் பின்னதைத் தனிப்போக்கு என்றும் கொள்க. உடன்போக்குக்குச் செலவு அதிகம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

இனி, ஆய்வின் இதயமாகிய பெட்ரோல். டேங்க் காலியாக இருந்தால்தான் வண்டியை ஏற்றுவார்கள். ஆபத்தான பொருளை ரயிலுக்குள் கொண்டுவந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்று பேசுகிறது. இந்த ஞானம் எனக்குக் காலந்தாழ்ந்தே வந்தது. நெடுந்தூரம் போகிற வண்டி, வயிறு காய்ந்து போகக் கூடாது என்று முதல்நாள் இரவு ஃபுல் டேங்க் போட்டிருந்தேன். ஆக்டிவா போன்ற வண்டிகளில் அது 5 லிட்டருக்கும் சற்று மேல். மறுநாள் காலை அத்தனையும் டியூப் வழியே பக்கத்து வீட்டுத் தம்பியின் பைக்குக்கு மாறியது. "அண்ணே, அடுத்து எப்பண்ணே வீடு மாத்துவீங்க?" என்று அவன் கேட்டதில் உண்மையான வாஞ்சை இருந்தது.

ஆனால் முழுவதும் காலி செய்துவிட்டால் சென்ட்ரல் வரை போவது எப்படி? குட்டியானை பிடிக்கலாம், ஓடுகிற வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்ற தன்மானம் இடங்கொடுக்கவில்லை. பார்சல் ஆபீஸ் வாசலில் கடைசிச் சொட்டும் தீர்ந்து, எஞ்சின் இருமி இருமித் தானே அணைய வேண்டும். கார்புரேட்டரில் தங்கியதும் அப்போதுதான் வற்றும். இதுவே இக்கலையின் உச்சம். கால் லிட்டர் போதும் என்று கணக்குப் போட்டேன். பெரியமேட்டில் அணைந்தது. நண்பகல், வேனில், 100 கிலோவுக்கு மேற்பட்ட எடை: பாலையின் முதற்பொருளும் கருப்பொருளும் கூடின.

வாசலில் கட்டுக் கட்டுகிறவர் என்னை நம்பவில்லை. வண்டியை இரு பக்கமும் உலுக்கி, நாடி பார்ப்பவர் போலக் காதை வைத்துக் கேட்டு, "சரி, காலி" என்றார். பிறகு நடந்தது அலங்காரம். ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் வைக்கோல் திணித்து, மேலே சாக்கைப் போர்த்தி, கோணி ஊசியில் சணல் கோத்து உடம்போடு வைத்துத் தைத்தார். தையற்காரர் மாப்பிள்ளைக்கு அளவெடுக்கும் நிதானம். "கண்ணாடிய கழட்டி உங்க பையில வெச்சுக்குங்க சார். ஹேண்டில் லாக் போட்றாதீங்க, உருட்டணும்." ஹேண்டிலில் என் மாமியார் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை ஒரு கணம் பார்த்தார். அதன்மேலும் வைக்கோல் சுற்றினார்.

பின் முகவரி. அட்டையில் ஊர்ப்பெயரோடு ஸ்டேஷன் குறியீடும் எழுத வேண்டும். சென்ட்ரலின் குறியீடு எம்.ஏ.எஸ். நகரம் சென்னையாகி, 2019-இல் நிலையமும் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ஆகிவிட்டது. குறியீடு மட்டும் மதராஸிலேயே குடியிருக்கிறது. முழுப்பெயர் எழுத அந்த அட்டை போதாது என்பதும் கருதத்தக்கது.

கவுண்டரில் ஆர்.சி. நகல் கேட்டார்கள். நான்கு பிரதி எடுத்து, பாலிதீன் உறையிலிட்டு, மிகப் பத்திரமாக வைத்திருந்தேன். ஸ்கூட்டர் டிக்கியில். திரும்பிப் பார்த்தேன். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார் அவர். விஷயத்தைச் சொன்னதும் கோபிக்கவில்லை. "வாரத்துக்கு ரெண்டு பேரு இப்டி வருவாங்க சார்" என்று சீட்டுப் பக்கத் தையலைப் பிரித்தார். என் மாதிரி எண்ணிக்கையின் போதாமை அன்றுதான் உறைத்தது. இரண்டாம் தையலுக்குத் தனிக் கூலி. நியாயமே.

இதுவரை அது பார்சல். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பார்வையிலோ சாக்கு, வைக்கோல் எல்லாம் மாயை. உள்ளே இருப்பது வாகனம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி அந்த ஊர் எண் வாங்க வேண்டும். அதற்குமுன் சொந்த ஊரில் படிவம் 28 நிரப்பித் தடையில்லாச் சான்று பெற வேண்டும். புகுந்த வீட்டுக்குப் போகிறவள் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்குவது போல. என் மாமியாருக்கு அது பார்சலும் அல்ல, வாகனமும் அல்ல. "பாவம், தனியா அவ்ளோ தூரம் போகுது" என்றார். ஆயுத பூஜைதோறும் சந்தனமும் குங்குமமும் பெற்றது ஆயிற்றே. அவர் அதை உயர்திணையில் சேர்த்துப் பல வருடமாகிறது. ஒரே பொருளுக்கு மூன்று இடத்தில் மூன்று திணை. இலக்கணம் இதைத் திணை மயக்கம் என்கிறது. வீடு மாற்றுகிறவருக்கு மயக்கம் மட்டும்.

டெல்லியில் வண்டி நல்லபடியாக இறங்கியது. இறங்கியதும் தாமதியாது எடுக்க வேண்டும். சலுகை நேரம் கடந்தால் வார்ஃபேஜ் என்று மணிக்கணக்கில் வாடகை ஏறும். அவசரத்தில் அரைகுறையாகச் சாக்கைக் கிழித்துவிட்டு வெளியே தள்ளினேன். பெட்ரோலுக்கு பங்க் போக வேண்டும். பங்க் போகப் பெட்ரோல் வேண்டும். பாட்டிலில் தர மாட்டேன் என்று தலையசைத்தார்கள். ஆகவே வண்டியையே தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். மே மாதம், மறுபடியும் நண்பகல்.

அங்கே ஒரு மாடு வந்தது. டி.என். நம்பர் பிளேட்டை அது சட்டை செய்யவில்லை. முன்சக்கரத்தருகே தொங்கிய வைக்கோலை நிதானமாக உருவி மெல்லத் தொடங்கியது. ஹேண்டில் வரை வந்து, சுண்டிப்போன எலுமிச்சம்பழத்தை முகர்ந்து, வேண்டாம் என்று விட்டது. பிறகு மறுபக்கம் சுற்றிப் போய் இண்டிகேட்டரிலிருந்து ஆரம்பித்தது. வாகனமா, சாமானா என்ற வழக்கில் அதற்கு எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.