மே மாதத்து மாமா

ஆண்டில் பதினொரு மாதம் ஊரில் யாரும் பொருட்படுத்தாத ஒருவருக்கு மே மாதத்தில் மட்டும் பெரிய பதவி கிடைத்துவிடுகிறது. பட்டணத்திலிருந்து அக்கா பிள்ளைகள் வந்து இறங்கியதும் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டி, அரிவாளோடு முன்னே நடக்கத் தொடங்குவார். "இந்தா, ஒரு எட்டுதான் மாப்ள" என்பார். அது மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. பின்னால் பிள்ளைகள் பட்டாளம். கடைசியில், செருப்பில் ஏறிய நெருஞ்சி முள்ளைப் பிடுங்கியபடி அத்தான், பிள்ளைகளின் அப்பா. மாமா வழிநெடுகப் புளுகுவார். ஆனாலும் காடுகரையைக் காட்ட அவரைவிட நல்ல ஆள் கிடையாது என்பதே என் கட்சி.

அவர் புளுகு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றுமேட்டுத் தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டி, உள்ளே களிமண் ஒட்டியிருக்கும் என்பார். உண்மை. அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்பார். அது கதை. பெண் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் ஆண் மீதிக் கூட்டை முடிக்கும் என்பார். அதுவும் கதை என்று அத்தான் சிரிப்பார்; பறவையியலாளர் சலீம் அலி 1931இல் எழுதிய கட்டுரையை அவர் படித்ததில்லை. மாமாவும் படித்ததில்லை, பார்த்திருக்கிறார். பின்னிப் பிணைந்து எழும் இரண்டு சாரைப்பாம்புகளைக் கண்டால் சாரையும் நல்லபாம்பும் புருஷன் பெண்டாட்டி என்று கையெடுத்துக் கும்பிடுவார். பெரும்பாலும் அவை மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண்கள். ஆக, கண்ட காட்சியில் பிசகே இல்லை. அதற்குக் காரணம் சொல்லும்போதுதான் மாமா வழுக்குகிறார். தெரியாது என்று மருமக்கள் முன்னால் எந்தத் தாய்மாமன்தான் சொல்வான்?

பிள்ளைகள் மனத்தில் தப்பும் தவறுமாகப் பதிந்துவிடாதா என்று கேட்பார்கள். பதியட்டும். சாரை வேறு, நல்லபாம்பு வேறு என்பதைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் திருத்திவிடும். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்தினால் தரையில் முட்டை இருக்கும், காலைப் பார்த்து வை என்பதையோ, எந்தப் பனை ஆண், எதில் ஏறினால் நுங்கு என்பதையோ வெயிலில் நடந்துதான் கற்க வேண்டும். கிணற்றில் இறங்குவது ஆபத்தில்லையா என்பது நியாயமான கேள்வி. ஆனால் இடுப்பில் சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டாமல் மாமா யாரையும் தண்ணீரில் இறக்குவதில்லை. அவர் புளுகெல்லாம் கரையோடு சரி. அதுவும் வேண்டாமென்றால் பம்புசெட் இருக்கிறது, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பொறுத்து. நுங்கைத் தின்று முடித்த கூந்தல் இரண்டையும் குச்சியில் கோத்துக் கவட்டையால் தள்ளினால் வண்டி தயார். அதைப் பிள்ளைகளைவிட அத்தான்தான் அதிக நேரம் ஓட்டுகிறார்.

இதெல்லாம் பாசமா, வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கும் வழியா என்பது இன்னொரு ஐயம். இரண்டாவதுதான் என்று அத்தை அடித்துச் சொல்வாள்: "தோப்புல தண்ணி பாய்ச்சச் சொன்னா முழங்கால் வலிக்குதும்பாரு. இப்ப பாரு, பனைமரத்துல ஏறி நிக்கிறதை!"