சாம்பலுக்கும் கப்பல் கூலி

எலே மருமவனே, கரண்டு பில்லு கூடிப்போச்சுன்னு ஊரெல்லாம் புலம்புதியாமே? மீட்டரு மேல சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரன் மேல சந்தேகம். கள்ளன் எங்க இருக்கான்னு நான் சொல்லுதேன், கேளு.

நம்ம தூத்துக்குடி அனல்மின் நிலையம் இருக்குல்லா, 1979ல முத யூனிட்டு ஓட ஆரம்பிச்சது. மொத்தம் 5 யூனிட்டு, ஒண்ணொண்ணும் 210 மெகாவாட்டுக்குக் கட்டுனது. அதுக்குக் கரி பெரும்பாலும் ஒடிசாவுல வெட்டி, ரயில்ல பாரதீப் துறைமுகம் போயி, அங்கேருந்து கப்பல் ஏறி வருது. அதுல நூத்துக்கு 30, 40 பங்கு எரியாத சாம்பல்லே! சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கப்பல்ல கூலி குடுத்துக் கொண்டாந்த சாம்பலைக் கொட்டுததுக்கு இங்க ஒரு குளம் வேற.

சரி, கரி எரிஞ்சு வார சூட்டை 100 ரூவான்னு வச்சுக்கோ. புகைபோக்கியும் பாய்லரும் வாசல்லயே 12, 13 ரூவாயைப் பிடிச்சுக்கிடும். மிச்சச் சூட்டுல தண்ணி 540 டிகிரி நீராவியாகி டர்பைனைச் சுத்தும். சுத்தி முடிச்ச ஆவியைத் திரும்பத் தண்ணியாக்கணும்லா? அதைக் குளிர வைக்கக் கடல்தண்ணி ஓடுது. அங்க 50 ரூவாய்க்கு மேல போச்சு. கடலுக்கு நாம எழுதுத மொய். ஜெனரேட்டர் கைக்கு வாரது 35. கரி அரைக்க, காத்தாடி சுத்த, தண்ணி ஏத்தன்னு அதுலயும் 3 ரூவாயை நிலையமே தின்னுரும். கம்பியும் டிரான்ஸ்பார்மரும் 4. உன் சுவிட்சுக்கு வாரது 28. நீ அதுல பழைய குண்டு பல்பை மாட்டுனியோ, வெளிச்சமாகுதது ஒண்ணரை ரூவா கூடத் தேறாது. மிச்சத்துல பல்லி குளிர்காயும்.

இதுக்காக இஞ்சினியரைத் திட்டாத. சூட்டை முழுசா வேலையாக்க முடியாது. சூட்டுல வேலை வாங்கணும்னா அது குளிர்ந்த பக்கம் போயே ஆகணும்னு பிரான்சுக்காரரு சாடி கார்னோ 1824லயே எழுதி வச்சிட்டாரு. நீராவிச் சூட்டையும் அழுத்தத்தையும் கூட்டுனா கொஞ்சம் கூடத் தேறும். உடன்குடியில 660 மெகாவாட்டுல ரெண்டு யூனிட்டு வைக்குதது அந்தக் கணக்குலதான். அப்பவும் பாதிக்கு மேல கடலுக்கும் வானத்துக்கும்தான்.

ஆனா நீ செய்யுத கூத்து இருக்கே! கரியைக் கொளுத்தி, 72 ரூவாச் சூட்டை வீசிட்டு, மிஞ்சுன 28ஐத் திரும்பச் சூடாக்கி ஹீட்டர்ல குளிக்க வெந்நி போடுத. அதுவும் தூத்துக்குடி வெயில்ல! மாடியில சோலார் வைக்க யோசிக்க, பில்லுக்கு மட்டும் அழுத. ஒரு யூனிட்டு கரண்டை நீ மிச்சம் பிடிச்சா முக்கால் கிலோவுக்கு மேல கரி ஒடிசா மண்ணுலயே கிடக்கும்.

முடியாது, வெந்நிதான் வேணும்ங்கியா? அனல்மின் நிலையம் கடல்ல விடுத தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், அங்க போய்க் குளி. காவக்காரன் விரட்டுனா பில்லைக் காட்டு. காசு ஏற்கனவே கட்டியாச்சுல்லா?