நொகத்தடியை எறக்கு பேராண்டி

ஏலே பேராண்டி, மணி ஏழரை ஆவுது. முழிச்சிட்டுத்தான கெடக்கே? போர்வைக்குள்ள போனை நோண்டுத வெளிச்சம் திண்ணை வரைக்கும் தெரியுது. எந்திரிக்க வேண்டாம், அப்படியே கெட. முப்பத்தோரு வருசம் இந்தச் சுத்துப்பட்டியில நடந்தே தபால் குடுத்தவன் நான். என் பேச்சை நின்னு கேட்ட ஆளு இல்ல. படுத்துக் கேக்க ஒரு ஆளு இப்பத்தான் மாட்டியிருக்கான்.

ஒங்க அம்மா நேத்து வந்து அழுதா. "அய்யா, பய ஒரு மாசமா ஜிம்முக்குப் போகல, ஓடல, எதையோ பறிகுடுத்தவன் மாதிரி மோட்டைப் பாத்துட்டுக் கெடக்கான், நீங்கதான் நாலு வார்த்த சொல்லணும்"னா. நான் சொன்னேன், போன தீவாளிக்கு ஆச்சி சுட்ட அதிரசத்தைக் கையில வச்சுக்கிட்டு இதுல எத்தன கலோரின்னு கேட்டானே, அப்பல்லா தாயி நீ அழுதிருக்கணும்னு.

இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். காலையில நாலரைக்கு எந்திரிச்சு ஓட்டம். ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ஒம்பது மணிக்கு இரும்பு தூக்குதது. கோழிக்கறிய ஆசாரி தங்கம் நிறுக்க மாதிரி தராசுல வச்சு நிறுத்துத் திங்கது. ஞாயித்துக்கெழமை ஊரே உறங்கும்போது கடக்கரை ரோட்டுல 21 கிலோமீட்டர். ஏழு மாசம் இப்படி. ஒன்ன எவனும் தொரத்துனானா? கடன்காரன்கூட அவ்வளவு தூரம் வரமாட்டானே.

மழைக்காலத்துல வீட்டுக்குள்ளயே ஓட ஒரு பட்டை மெஷினு வாங்கினியே, அது பொறந்த எடம் தெரியுமா? 1818ல இங்கிலாந்துக்காரன் வில்லியம் கியூபிட்னு ஒரு இன்ஜினியரு, செறையில கைதிக சும்மா இருக்காவன்னு பெரிய மரச்சக்கரம் ஒன்னச் செஞ்சு, அதுல படி படியா ஏறச் சொன்னாரு. மணிக்கணக்கா ஏறுவான், இருந்த எடத்துலயே இருப்பான். அந்தச் சக்கரத்தோட பேரைத்தான் ஒன் மெஷினுக்கும் வச்சிருக்கான். பாவம்னு அவுகளே 1898ல சட்டம் போட்டு நிறுத்திட்டாவ. நீ மாசத்தவணை கட்டி வாங்கியிருக்கே. நம்ம செக்கு மாடு சுத்தினா எண்ணெயாவது வரும்லே.

கோவப்படாத. ஒன் வாட்டம் எனக்குப் புதுசு இல்ல. இத நான் மாட்டுக்கிட்டயே பாத்திருக்கேன்.

எங்கய்யாவுக்கு ஒரு மயிலைக் காளை இருந்துச்சு. நல்ல நடை. புதுக்காளைய வண்டிக்குப் பழக்கணும்னா ஒரு மொறை உண்டு. அனுபவப்பட்ட கெழட்டு மாட்டோட ஜோடி சேத்து, வெறும் வண்டியப் பூட்டி, மணல் தடத்துல கொஞ்ச தூரம் போகணும். அது களைக்கதுக்கு முந்தி அவுத்துரணும். "இன்னும் கொஞ்சம் போலாமே"ன்னு மாடு நெனைக்கும்போது அவுக்கணும், அதான் சூட்சுமம். எங்க சித்தப்பாவுக்குப் பொறுக்கல. மொத மாசமே பருத்திப் பொதிய ஏத்தி, கோவில்பட்டிக்கு வெயில்ல பத்திட்டுப் போயிட்டாரு. காளையும் ரோசக்காரக் காளை, இழுத்திருச்சு. மறுநாளும் இழுத்துச்சு. பத்தாம் நாளு கழுத்துல புண்ணு. அதுக்கப்புறம் நொகத்தடியத் தூக்கிட்டு வர சத்தம் கேட்டாலே படுத்துக்கிடும்.

ஊருல ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தன் வாலைக் கடிங்கான், ஒருத்தன் தார்க்குச்சிய எடுங்கான். (ஒன் போன்ல ஒரு மொட்டத்தல வெள்ளக்காரன் "எந்திரி, எந்திரி"ன்னு கத்துதானே, அவன் இவனுகளுக்குப் பங்காளியாத்தான் இருப்பான்.) எங்கய்யா யாரு பேச்சையும் கேக்கல. புண்ணுல வேப்பெண்ணெய் போட்டாரு. நொகத்தடியக் கண்ணுல படாம பரண்ல ஏத்துனாரு. ஒன்றரை மாசம் மத்த மாடுகளோட மேய விட்டுட்டாரு. பொறவு ஒரு நாளு வெறும் கவுத்தப் புடிச்சுக் கெணத்தடிக்குத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போனாரு, வேற சோலி இல்ல. அப்படியே கொஞ்ச நாளு. அப்புறம் வெறும் நொகத்தடி. பெறவு வெறும் வண்டி. கடைசியில அம்மன் கோயில் கொடைக்குப் பிள்ளைகள ஏத்திட்டுப் போனாரு. பிள்ளைக சத்தம் போட்டுப் பாடுதுக, காளை தலைய ஆட்டிட்டுப் போவுது. அந்த வண்டியில நானும் இருந்தேன்.

இப்ப ஒன் கழுத்துல புண்ணு. படிச்சவுக இதுக்கு என்ன பேரு வச்சாலும் அறிகுறி ஒன்னுதான். காலையில எந்திரிக்கும்போதே நாடி தடதடங்கும், உடம்பு அலுத்துக் கெடந்தும் ஒறக்கம் புடிக்காது, தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வரும், அடிக்கடி சளி புடிக்கும். எதுக்கும் ஒரு தடவ டாக்டரக் கண்டுட்டு வா. ரத்தம் கொறஞ்சாலும் தைராய்டு மந்தமானாலும் இதே சோர்வு வரும். அதுக்கு என் கத உதவாது.

"ஒரு மாசத்துல சேத்ததெல்லாம் போயிருக்குமே"ங்கியா? மூச்சுப் புடிக்கது கொஞ்சம் போயிருக்கும், அது சீக்கிரம் எறங்குத சாமான். பலம் அவ்வளவு லேசுல போகாது. ஒரு தடவ உழுத நெலத்தத் தரிசா விட்டாலும், மறுபடி உழும்போது கொழு லேசா எறங்கும்லா? ஓஸ்லோவுல 2010ல எலிய வச்சுப் பாத்தாவளாம். வேல குடுத்து வளத்த தசைக்குள்ள புதுசா முளைச்ச உட்கரு, அந்தத் தசை சுருங்கினதுக்கப்புறமும் உள்ளயே இருந்துச்சாம். மனுசனுக்கும் அப்படித்தானான்னு இன்னும் சண்ட நடக்குது. அது நடக்கட்டும், ஒன் சேமிப்பு எங்கயும் ஓடிறாது.

ஒனக்கு உள்ள பெரிய சீக்கு கணக்குப் புத்தி. தெனம் 10,000 அடி! ஒன்னு கொறஞ்சா ராத்திரி பதினோரு மணிக்கு முத்தத்துல பேய் மாதிரி நடப்பே. அந்தப் பத்தாயிரத்த எந்த ரிஷி சொன்னாரு? டோக்கியோவுல 1964ல ஒலிம்பிக் நடந்துச்சு. மறுவருசம், ஜப்பான்ல யமாசாங்க கம்பெனி இடுப்புல மாட்டுத கருவி ஒன்ன வித்தான். பேரு "மன்போ கெய்". பத்தாயிரம் அடி அளக்கதுன்னு அர்த்தம். சாமான் விக்க வச்ச பேரு, ஒனக்கு வேதமாயிருச்சு. அமெரிக்காவுல பதினாறாயிரத்துக்கு மேல வயசான பொம்பளைகள அளந்து பாத்து 2019ல எழுதினாவ. 4,400 அடி நடந்தவுகளே, 2,700 அடி நடந்தவுகள விடக் கொறச்சலாத்தான் செத்தாவளாம். 7,500க்கு மேல நடந்து பெருசா ஒன்னும் கூடலையாம். ஒங்க ஆச்சிகிட்ட இதப் படிச்சுக் காட்டினேன். "நான் அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் நடக்கதயும் சேத்தாவளா"ன்னு கேட்டா. நல்ல கேள்வி.

அப்புறம் ஒன் போன்ல வர அந்த மெடலு, பாயின்டு, நெருப்புப் படம். ஒரு பள்ளிக்கூடத்துல நடத்திப் பாத்த ஆராய்ச்சி ஒன்னு 1973ல வந்துச்சு. படம் வரையதுன்னா உசுரா இருந்த சின்னப் பிள்ளைககிட்ட, "வரைஞ்சா பரிசுச் சான்றிதழ் தருவோம்"னு முன்கூட்டியே சொல்லி, அதும்படியே குடுத்தாவ. கொஞ்ச நாளு கழிச்சுப் பாத்தா, அந்தப் பிள்ளைக பேனாவத் தொடுததே கொறஞ்சு போச்சு. வெளயாட்டு கூலிவேல ஆயிருச்சு. ஒனக்கும் அதான். சின்ன வயசுல கண்மாய்க்குள்ள குதிச்சா கண்ணு செவக்குத வரைக்கும் ஏறமாட்டே. அப்ப ஒனக்கு எவன் மெடலு குடுத்தான்? ஆச்சி வெளக்குமாறுதான் குடுத்தா.

ஒரு ரகசியம் சொல்லுதேன், மொறைக்கக் கூடாது. முந்தாநாளு சாயங்காலம் ஒன் போனு டிங்குன்னு அடிச்சு, "அருமை! இன்னைக்கு 14,000 அடி"ன்னு பாராட்டுச்சா? நீ கூட கழிவறைக்கு நடந்தது இவ்வளவான்னு முழிச்சே. அது நம்ம வெள்ளாட்டங்குட்டி. நீ வெறுத்துப்போய் அலமாரியில எறிஞ்ச கடிகாரத்த அது முன்னங்கால்ல நான்தான் கட்டிவிட்டேன். அது மெடலு வாங்கினதுக்கப்புறமும் பழையபடி கொழைதான் திங்குது. தலைக்கனமே இல்ல.

நான் முப்பத்தோரு வருசம் நடந்தேனே, எனக்கு ஏன் சலிக்கல? உண்மையச் சொல்லுதேன், பாதி நாளு சலிச்சுச்சு. ஆனா பையில ஒரு மணியார்டர் கெடக்கும். அந்தக் கோடியில ஒரு கெழவி வாசல்ல ஒக்காந்திருப்பா. போனா மோரு கெடைக்கும். வழியில சந்தாக்காரன் பத்திரிகைய வேப்பமரத்தடியில ஒக்காந்து படிச்சுட்டு, மடிப்புக் கலையாம கொண்டுபோய்க் குடுப்பேன். இத ஆருகிட்டயும் சொல்லிறாத. நடக்கணும்னு நான் ஒரு நாளும் நடக்கல, போகணும்னு நடந்தேன். இளவட்டக்கல்லத் தூக்கினவனுக்குத்தான் பொண்ணுன்னு அந்தக் காலத்துல பேச்சு உண்டு. நான் அதக் கால் மொழம்கூடத் தூக்கினது இல்ல. ஒங்க ஆச்சி வீட்டுக்கு வாரம் மூணு தடவ இல்லாத தபாலக் குடுக்கப் போனேன், அவ்வளவுதான்.

"மனசு வரட்டும் தாத்தா, ஆரம்பிக்கேன்"ங்கே. மனசு நம்மூரு மினி பஸ்ஸு மாதிரிலே. ஸ்டாப்புல நின்னா வரவே வராது. சரி போன்னு நடக்க ஆரம்பிச்சா, பாதி வழியில பின்னாலயே வந்து ஹாரன் அடிக்கும். ஒலக சுகாதார நிறுவனமே 2020ல வாரத்துக்கு 150 நிமிசம் மிதமான வேலன்னுதான் ஆரம்பிக்குது. நாளுக்கு இருவத்திரண்டு நிமிசம்கூட இல்ல. டீக்கடைக்குப் போய் ஊர்வம்பு கேட்டுட்டு வந்தா தீந்துச்சு. துண்டு துண்டா நடந்தாலும் சேத்துக்கிடலாம்னுட்டாவ. தோணுச்சுன்னா சாயங்காலம் பயலுகளோட கபடி ஆடு, தோத்தா சிரிச்சுட்டு வா. நல்லா இருக்கும்போதே நிறுத்திரு, புதுக்காளைய அவுக்குத மாதிரி. இரும்பு எங்க போயிரப் போவுது, பரண்ல கெடக்கட்டும்.

சரி, பேசினது போதும், தொண்ட வறளுது. ஆமா, அந்தக் கடிகாரம் என்ன வெலை இருக்கும்? ... இருவத்தெட்டாயிரமா!

அட ஆண்டவனே. ஆட்டுக்கு மெடலு வாங்க ஆசையா இருக்குமேன்னு இன்னைக்கும் விடிகாலம் கட்டிவிட்டேனே. குட்டி மந்தையோட போயிருச்சு. கண்மாய்க் கரை தாண்டி, கருவேலங்காட்டுக்குள்ள மேயும். மூணு மைல் இருக்கும். பைக்கு போகாதுலே, வண்டித்தடம்கூட கெடையாது.

ஏ, மெதுவா! செருப்ப மாட்டிட்டுப் போ, முள்ளு கெடக்கு. ஓடாத, ஓடினா குட்டி மெரளும். அப்புறம் ஒன்னு, நீ நடக்க அடியெல்லாம் ஆட்டுப் பேர்லகூட ஏறாது பாத்துக்கோ. சும்மா நடந்தே போய்ட்டு வா. ஆச்சி அதிரசத்துக்கு மாவு பெசையுதா.